கப்பற் பணமும் நடுவர் தீர்ப்பும்

தமிழில் ‘இறை’ என்னும் சொல் அரசனையும் குறிக்கும். குடிகள் அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். காக்கும் தொழில் அரசனுடையது. அத்தொழிலுக்குப் பொருள் தருவது குடிகளின் கடன். படையின்றி நாடு நிலைபெறாது. பொருளின்றிப் படை நிலைபெறாது. இவ்வளவில் எவர்க்கும் ஐயம் இல்லை. ஆனால், அப்பொருளை யாருடைய இசைவால் எடுப்பது? நாட்டிற்கு இடர் வந்துவிட்டது என்று யார் சொன்னால் அஃது இடராகும்? இவ்விரு வினாக்களும் எழும்போதுதான் சட்டத்தின் வேலை தொடங்குகிறது.

இங்கிலாந்தில் 1637ஆம் ஆண்டு நடந்த ஒரு வழக்கு இவ்வினாக்களை நேருக்கு நேர் சந்தித்தது. கப்பற் பண வழக்கு என்பது அதன் பெயர். ஒரு பக்கம் முதலாம் சார்லஸ் மன்னன். மறுபக்கம் பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த நிலக்கிழார் ஜான் ஹாம்ப்டன். பன்னிரு நடுவர் கூடி ஆராய்ந்தனர். எழுவர் மன்னன் பக்கமும் ஐவர் ஹாம்ப்டன் பக்கமும் நின்றனர். 1638ஆம் ஆண்டு ஜூன் மாதம் மன்னனுக்கு வெற்றி என முடிவாயிற்று. அத்தீர்ப்பின் அறிவுநெறி எத்தகையது, அதன் பிழை எங்கே உள்ளது என்பது இன்றும் ஆராயத்தக்கது.

கதையும் உண்மையும்

வரலாற்று நூல்கள் பலவற்றில் இவ்வழக்கு ஒரு வீரக்கதையாகவே வருகிறது. கொடுங்கோல் மன்னன் ஒருவன் வரி கேட்டான். செல்வர் ஒருவர் வெறும் 20 ஷில்லிங்கைத் தர மறுத்து எழுந்து நின்றார். உரிமைப் போர் தொடங்கிற்று என்பது கதை. மாணவர்க்குச் சொல்ல இஃது இனிமையானதே. ஆயினும் மன்னன் பக்கம் நியாயம் ஏதும் இல்லை என்று தொடக்கத்திலேயே முடிவு கட்டிவிடுவதால், வழக்கின் உயிரான பகுதி மறைந்துவிடுகிறது. எதிரியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே அதன் பிழையைக் காட்டல் வேண்டும். அதுவே திறனாய்வின் முறை.

கடலில் இடர் இருந்தது மெய். வட ஆப்பிரிக்கக் கொள்ளையர் ஆங்கிலக் கப்பல்களைக் கைப்பற்றி, மாலுமிகளை அடிமைகளாக விற்றனர். 1631இல் அயர்லாந்தின் பால்டிமோர் என்னும் கடற்கரை ஊரில் இரவோடிரவாகப் புகுந்து, ஆண் பெண் குழந்தைகள் என நூற்றுக்கு மேற்பட்டோரை அல்ஜியர்சுக்குக் கொண்டு சென்றனர். ஆலந்தும் பிரான்சும் தத்தம் கடற்படையை வளர்த்து வந்தன. இங்கிலாந்தின் கடற்படையோ தளர்ந்து கிடந்தது.

நாடாளுமன்றத்தின் மீதும் குறை சொல்ல இடமுண்டு. முடி சூடும் மன்னர்க்குச் சுங்க வரியை வாழ்நாள் முழுமைக்கும் அளிப்பது நெடுநாளைய வழக்கம். சார்லசுக்கோ 1625இல் கூடிய மக்களவை அதனை ஓராண்டுக்கு மட்டுமே தர இசைந்தது. 1628இல் நாடாளுமன்றத்தின் இசைவின்றி எவரிடமும் வரியோ கடனோ கேட்கலாகாது என்னும் உரிமை விண்ணப்பம் நிறைவேறிற்று. மன்னனும் அதற்கு உடன்பட்டான். மறு ஆண்டே பூசல் முற்றி நாடாளுமன்றத்தைக் கலைத்தான். பின்னர்ப் பதினோராண்டு அதனைக் கூட்டவே இல்லை.

கடற்கரையிலிருந்து உள்நாட்டிற்கு

போர்க்காலத்தில் துறைமுக நகரங்களிடம் மன்னர் கப்பல் கேட்பது பழைய வழக்கம். 1634ஆம் ஆண்டு அக்டோபரில் சார்லஸ் அவ்வழக்கத்தைப் புதுப்பித்து இலண்டனுக்கும் கரையோர இடங்களுக்கும் ஆணை விடுத்தான். முணுமுணுப்பு இருந்தது, பெரிய எதிர்ப்பு இல்லை. மறு ஆண்டு ஆகஸ்டில் அதே ஆணை கடலையே காணாத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் சென்றது.

பக்கிங்ஹாம்ஷயருக்குக் கடற்கரை இல்லை. எனினும் 450 டன் எடையுள்ள கப்பல் ஒன்றை 180 ஆட்களோடு சித்தப்படுத்தி, 1636 மார்ச்சு முதல் நாளுக்குள் போர்ட்ஸ்மவுத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று அதற்கு ஆணை வந்தது. உழவரும் ஆட்டுக் கிடைக்காரரும் கப்பல் கட்டுவது எங்ஙனம்? அதற்கும் வழி சொல்லப்பட்டிருந்தது. 4,500 பவுன் செலுத்தினால் போதும். அவர்களுக்காக அரசே கப்பலைச் சித்தப்படுத்தும். ஏட்டில் கேட்டது கப்பல். கையில் வாங்கியது பணம். இந்தச் சிறு வேறுபாட்டின் மீதுதான் வழக்கு முழுவதும் நின்றது. கப்பல் கேட்பது குடிகளின் ஊழியத்தைக் கேட்பது. அது வரி ஆகாது என்றனர் அரசுத் தரப்பினர். ஊழியத்திற்கு நாடாளுமன்ற இசைவு வேண்டுவதில்லை என்பது அவர்தம் வாதம்.

ஸ்டோக் மாண்டெவில் என்னும் ஊரிலிருந்த தம் நிலத்திற்கு விதிக்கப்பட்ட 20 ஷில்லிங்கை ஹாம்ப்டன் செலுத்தவில்லை. அவருக்கு அஃது ஒரு பொருட்டன்று. சிறு தொகையாக இருந்ததே வழக்கிற்கு நலமாயிற்று. தொகையைப் பற்றிய பேச்சு நீங்கி, உரிமையைப் பற்றிய பேச்சு மட்டும் எஞ்சிற்று.

மன்றத்தில் எழுந்த வாதம்

1637 நவம்பரில் தொடங்கிய வாதம் டிசம்பர் வரை நடந்தது. ஹாம்ப்டனுக்காக ஆலிவர் செயின்ட் ஜானும் இராபர்ட் ஹோல்போர்னும் பேசினர். அரசுக்காக எட்வர்டு லிட்டில்டனும் ஜான் பாங்க்சும் பேசினர்.

செயின்ட் ஜான் தொடுத்த வாதத்தின் அழகு அவர் விட்டுக்கொடுத்ததில் இருக்கிறது. நாட்டைக் காக்கும் பொறுப்பு மன்னனுடையதே என்றார். பகைவன் கரையில் இறங்கிவிட்டால் நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை என்பதையும் மறுக்கவில்லை. வீடு தீப்பற்றி எரியும்போது அண்டை வீட்டுக் கூரையைப் பிய்ப்பதற்கு யாரும் ஓலை எழுதி இசைவு கேட்பதில்லை. ஆனால் இங்கே தீ எங்கே என்று கேட்டார். ஆணை பிறந்த நாள் 1635 ஆகஸ்டு 4. கப்பல் வந்து சேரவேண்டிய நாள் 1636 மார்ச்சு 1. இடையில் ஏறத்தாழ ஏழு மாதம். நாடாளுமன்றத்தைக் கூட்டுவதற்கு வேண்டிய அறிவிப்புக் காலமோ 40 நாள். ஏழு மாதம் பொறுக்கக்கூடிய இடர் 40 நாள் பொறுக்காதா?

இக்கேள்விக்கு அரசுத் தரப்பிலிருந்து நேரான விடை வரவில்லை. வந்த விடை வேறு. இடர் எத்தகையது, அதற்கு எவ்வளவு காலம் உண்டு என்பதையெல்லாம் அளந்து பார்க்க மன்றத்திற்கே உரிமை இல்லை. மன்னன் ஒருவனே அதற்கு நடுவன் என்றனர். இதற்கு முன்னேற்பாடும் நடந்திருந்தது. வழக்கு வருமுன்னரே, 1637 பிப்ரவரியில், மன்னன் பன்னிரு நடுவரிடமும் கருத்துக் கேட்டிருந்தான். நாடு முழுதும் இடருற்ற காலத்தில் மன்னன் எல்லாக் குடிகளையும் கப்பல் தருமாறு ஏவலாம்; இடர் உண்டா என்பதையும் அதனை எப்போது எவ்வாறு தடுப்பது என்பதையும் தீர்மானிப்பவன் மன்னன் ஒருவனே என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தனர். பின்னர் எதிர்த்துத் தீர்ப்பளித்த குரோக், ஹட்டன் ஆகிய இருவரும் பெரும்பான்மையோர் கருத்துக்குக் கட்டுப்பட்டு அதில் கையொப்பமிட்டவரே.

மற்றொரு நுட்பமும் நோக்கத்தக்கது. 1635ஆம் ஆண்டின் ஆணை கடற்கொள்ளையரைப் பற்றியும் சூழ்ந்துவரும் போர்களைப் பற்றியும் கூறிற்று. நாட்டின் உயிருக்கே இடர் இருந்தது என்னும் வன்மையான தொடரோ, 1637இல் வழக்கிற்காக அனுப்பிய ஆணையில்தான் இடம்பெற்றது. பணம் கேட்டபோது இல்லாத இடர், பணம் மறுக்கப்பட்டபின் பெரிதாயிற்று. ஹாம்ப்டன் தரப்பினர் ஆணையிலுள்ள செய்திகளைப் பொய்யெனக் காட்ட முற்படவில்லை. செய்திகள் மெய்யே ஆயினும் அவற்றால் பணம் கேட்கும் உரிமை பிறவாது என்றே வாதிட்டனர். அரசுத் தரப்பினர் இதனைப் பற்றிக்கொண்டு, இடர் இருந்ததை எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டது என்று கூறினர்.

தீர்ப்பின் பிழை

எழுவர் அளித்த தீர்ப்பைப் பகுத்து நோக்கினால் மூன்று கூற்றுகள் தென்படும். நாட்டைக் காப்பது மன்னன் கடமை என்பது முதற்கூற்று. கடமை உடையவனுக்கு அதனை நிறைவேற்றும் வழியும் உண்டு என்பது இரண்டாவது. வழியைக் கையாளும் காலம் வந்ததா என்பதை அவனே அறிவான் என்பது மூன்றாவது. முதலிரண்டும் உண்மை. மூன்றாவதும் அவற்றைப் போன்ற உண்மையே எனத் தோன்றுமாறு அவற்றோடு கோக்கப்பட்டுள்ளது. பிழை அங்கேதான் உள்ளது.

கடமை உடையவனுக்கு வழி வேண்டும் என்றால், அவ்வழிக்கு ஓர் அளவும் வேண்டும். செலவிடுபவனே தேவையை அளப்பவனும் ஆனால், அளவு என்பதே இல்லாமற் போகும். கடையில் நிறுப்பவனே விலையும் கூறி, படிக்கல்லையும் தானே செய்துகொண்டால் கொள்வோன் செய்வதற்கு யாது உளது? இடர்க்காலத்தில் மட்டும் வழங்கும் உரிமை என்றனர் நடுவர். இடர்க்காலம் எது என்பதை மன்னன் சொல்லே முடிவு செய்யுமாயின், எக்காலமும் இடர்க்காலம் ஆகலாம். அப்போது 1628ஆம் ஆண்டின் விண்ணப்பத்திற்கு ஏட்டில் இடமுண்டு, நாட்டில் இடமில்லை.

நடுவருள் சிலர் இவ்விளைவை மறைக்கவும் இல்லை. தலைமை நடுவர் ஃபின்ச், நாட்டைக் காப்பதற்காகக் குடிகளின் உடலையும் உடைமையையும் பணத்தையும் ஏவும் உரிமையை மன்னனிடமிருந்து நீக்கும் சட்டம் எதுவும் செல்லாது என்றே கூறினார். பெர்க்லி என்பார், சட்டம் அரசனுக்கு அரசன் ஆகாது, அரசனே சட்டம் என்னும் கருத்துப்பட மொழிந்தார். மன்னனுக்கு இசைந்த ஜோன்ஸ் என்பாரோ ஒரு வரம்பு கட்டினார்: இப்பணத்தில் ஒரு காசும் மன்னனின் சொந்தப் பையில் விழலாகாது, விழுமாயின் தம் கருத்து மாறும் என்றார். நல்ல உள்ளத்தின் சொல்தான் அது. ஆயினும் கணக்கைப் பார்க்கும் அவை ஒன்று இல்லாதபோது, காசு எப்பையில் விழுந்தது என்பதை யார் கண்டு சொல்வது? கப்பற் பணம் பெரும்பாலும் கப்பலுக்கே செலவாயிற்று என்பது உண்மை. ஆனால் அது மன்னன் ஒழுங்கால் நேர்ந்தது. சட்டத்தின் ஒழுங்கால் நேர்ந்ததன்று. ஆள் மாறினால் முதலாவது மாறக்கூடும்.

மறுத்த ஐவர்

ஐவருள் பிராம்ஸ்டனும் டேவன்போர்ட்டும் பணம் யாருக்குச் சேரவேண்டியது என்பது ஆவணத்தில் தெளிவாக இல்லை என்னும் நடைமுறைக் குறையைக் காட்டி ஹாம்ப்டன் பக்கம் நின்றனர். டென்ஹாம் நோயுற்றிருந்தமையால் சுருக்கமாகத் தம் கருத்தை அளித்தார். குரோக்கும் ஹட்டனுமே கொள்கையின் வேரைத் தொட்டனர். நாடாளுமன்றத்தின் இசைவின்றிக் குடிகளின் மேல் சுமை ஏற்றுவது சட்டத்திற்கு மாறானது. தேவை என்னும் பெயரால் அது நேராகாது என்றனர்.

குரோக்கைப் பற்றி அக்காலத்தவரான ஒயிட்லாக் ஒரு செய்தி எழுதி வைத்துள்ளார். முதலில் மன்னன் பக்கம் தீர்ப்பளிக்கவே குரோக் எண்ணியிருந்தாராம். மனச்சான்றுக்கு மாறாக எதையும் செய்ய வேண்டா, வறுமை வரினும் தாம் உடனிருந்து தாங்குவதாக அவருடைய மனைவி உரைத்தாராம். நடுவர் பதவி அன்று மன்னன் விருப்பம் உள்ளவரையே நிலைப்பது என்பதை எண்ணினால் அவ்வம்மையாரின் சொல்லின் அருமை விளங்கும்.

தோல்வியில் முடிந்த வெற்றி

தீர்ப்பு மன்னனுக்கு வெற்றி. ஆனால் பணப்பெட்டிக்கு அதுவே தோல்வியாயிற்று. தொடக்க ஆண்டுகளில் கேட்ட தொகையில் 90 விழுக்காட்டிற்கு மேல் வந்துகொண்டிருந்தது. தீர்ப்புக்குப் பின் வரவு சரியத் தொடங்கி, 1639ஆம் ஆண்டின் ஆணைக்குச் சிறு பகுதியே வந்தது. சுமை கூடியது மட்டும் காரணமன்று. முன்னர்க் குடிகள் இடர்க்கால உதவி என்று எண்ணிக் கொடுத்தனர். தங்கள் உடைமை முழுவதும் மன்னன் சொல்லுக்கு உட்பட்டது என நடுவர் விளக்கிய பின்னர், கொடுப்பது அக்கொள்கைக்கு இசைவதாகும் என அஞ்சினர். மன்னன் கட்சியைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் கிளாரண்டனே, இத்தீர்ப்பால் மன்னன் பணிக்கு விளைந்த நன்மையினும் ஹாம்ப்டனுக்குக் கிடைத்த பெருமையே மிகுதி என்று கருதினார்.

கப்பல்கள் பயனே தரவில்லை என்று சொல்வது நேர்மையன்று. 1637இல் மொராக்கோ நாட்டின் சலே துறையை முற்றுகையிட்டு, 300க்கும் மேற்பட்ட அடிமைகளை மீட்டுவந்தது இக்கடற்படையே. ஆனால் 1639இல், இங்கிலாந்தின் கரையோரக் கடலிலேயே ஆலந்துக் கடற்படை ஸ்பானியக் கடற்படையைத் தாக்கி அழித்தபோது, மன்னனின் கப்பல்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றன.

1640இல் ஸ்காத்லாந்துப் போர்ச் செலவுக்காக மன்னன் நாடாளுமன்றத்தைக் கூட்டவேண்டியதாயிற்று. 1641 ஆகஸ்டில் கப்பற் பணம் சட்டத்திற்கு மாறானது என்று சட்டம் இயற்றி, ஹாம்ப்டனுக்கு எதிரான தீர்ப்பையும் அழித்தனர். ஃபின்ச் அதற்கு முன்பே ஆலந்துக்கு ஓடிவிட்டார். 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, மன்னன் அரும்பாடுபட்டு வளர்த்த கடற்படை நாடாளுமன்றத்தின் பக்கம் சேர்ந்துகொண்டது. ஹாம்ப்டன் 1643 ஜூனில் போர்ப்புண்ணால் இறந்தார்.

சுமையின் அளவு வழக்கின் உயிரன்று என்பதற்கும் இப்போர்க்காலமே சான்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 200,000 பவுன் கேட்ட மன்னனை எதிர்த்த நாடாளுமன்றம், தன் படைக்காக மாவட்டந்தோறும் தொகை பிரித்து மாதவரி விதித்தது. கப்பற் பணத்தின் முறையே அது. 1650களில் அஃது ஒரு மாதத்திற்கு மட்டும் 120,000 பவுன் வரை ஏறிற்று. குடிகள் புலம்பினர், ஆயினும் கொடுத்தனர்.

வென்றால் சட்டமாகுமா?

சார்லஸ் தோற்றதனால்தான் இவ்வளவு குறையும் கூறப்படுகிறது. அவன் போர்களில் வென்றிருந்தால் தீர்ப்பும் நிலைத்திருக்கும் என்று சிலர் வாதிடக்கூடும். இதற்கு விடை காண 19ஆம் நூற்றாண்டின் பிரஷ்யாவை நோக்கவேண்டும். அங்கே சட்டத்தை மீறியவர் வென்றார்.

1850ஆம் ஆண்டின் பிரஷ்ய அரசியலமைப்பு, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் சட்டமாக நிறைவேற வேண்டும் என்றது. மன்னனும் இரு அவைகளும் உடன்படாவிட்டால் என்ன செய்வது என்று அது கூறவில்லை. படைச் சீர்திருத்தத்திற்குப் பணம் தர அவை மறுத்தபோது, 1862இல் தலைமை அமைச்சரான பிஸ்மார்க், சட்டத்தில் இடைவெளி உள்ளது, அரசு நின்றுவிடலாகாது, ஆகவே இடைவெளியை மன்னனே நிரப்புவான் என்றார். நான்காண்டு அவையின் இசைவின்றியே செலவு நடந்தது. 1864இல் டென்மார்க்கையும் 1866இல் ஆஸ்திரியாவையும் பிரஷ்யா வென்றது.

வெற்றியின் உச்சியில் நின்ற பிஸ்மார்க் அடுத்துச் செய்தது யாது? நடந்த செலவுகளுக்குப் பின்னிசைவு தருமாறு அவையின் முன் வந்தார். 1866 செப்டம்பரில் 230 பேர் ஆதரிக்க, 75 பேர் எதிர்க்க அவ்விசைவு கிடைத்தது. வெற்றியே சட்டமாகுமானால் இவ்வேண்டுகோள் எதற்கு? போர்க்களத்தில் ஈட்டமுடியாத ஒன்று அவையில் இருக்கிறது என்பதை வென்றவரே ஒப்புக்கொண்ட செயல் அது. ஆனால் இடைவெளி அடைபடவில்லை. 1874இல் செருமானியப் பேரரசின் அமைதிக்காலப் படையளவு ஏழாண்டுக்கு ஒருமுறை மட்டுமே முடிவு செய்யப்படும் என ஆயிற்று. ஆண்டுதோறும் கேட்கவேண்டிய கேள்வியை ஏழாண்டுக்கு ஒருமுறை கேட்கும் அவையின் குரல் தளர்ந்தது. இங்கிலாந்தில் தோல்வி கற்பித்த பாடத்தைப் பிரஷ்யாவில் வெற்றி மறக்கச் செய்தது.

எஞ்சி நிற்பது

இங்கிலாந்து தான் கற்ற பாடத்தை 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்தில் எழுதிக்கொண்டது. நாடாளுமன்றம் தராத பணத்தை மன்னன் எடுப்பதும், அமைதிக்காலத்தில் அதன் இசைவின்றி நிலைப்படை வைப்பதும் சட்டத்திற்கு மாறானவை என்று அது கூறிற்று. படையையும் பணத்தையும் ஒரே சட்டத்தில் வைத்திருப்பது கருத்தூன்றி நோக்கத்தக்கது. அவ்வழி வந்த சொற்களை மலேசிய அரசியலமைப்பின் 96ஆம் விதியிலும், இந்திய அரசியலமைப்பின் 265ஆம் விதியிலும் காணலாம். சட்டத்தின் உரிமையாலன்றி வரி விதிக்கப்படலாகாது என்பதே அவற்றின் பொருள். ஓரிரு வரியில் அடங்கும் அவ்விதிகளுக்குப் பின்னால் 20 ஷில்லிங் வழக்கின் நிழல் நீண்டு கிடக்கிறது.

எழுவர் தீர்ப்பை இன்று எந்த நாடும் சட்டமாகக் கொள்ளவில்லை. ஆனால் அத்தீர்ப்பின் வாதம் இறந்துவிடவில்லை. இடர் பெரிது, காலம் குறுகியது, விவரம் வெளியிடத் தக்கதன்று என்னும் மூன்று சொற்களும் சேர்ந்து வரும்போதெல்லாம் அது மீண்டும் தலைதூக்குகிறது. அச்சொற்கள் சில வேளை உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் அவற்றை ஆராயாமல் ஏற்பதும் ஆராயாமல் தள்ளுவதும் ஒருங்கே தவறாகும். அப்போது கேட்கவேண்டிய கேள்வியைச் செயின்ட் ஜான் கேட்டுவைத்துப் போயிருக்கிறார்: ஏழு மாதம் பொறுக்கும் இடர் 40 நாள் பொறுக்காதா? அதற்கு விடை சொல்லும் கடமை காப்பவனுக்கு உண்டு. விடையை எடைபோடும் உரிமை பொருள் தருபவனுக்கு உண்டு. ‘இறை’ என்னும் சொல்லின் இரு பொருளும் அறத்தோடு சேர்ந்து நிற்பது அங்கேதான்.